காசிமிரோ ஒலிவாரெஸ் எங்கே?

வல்பராய்சோ
28 ஜனவரி 1996

அன்புத் தம்பி எலிசெயோவுக்கு,

அக்கா ஹெர்மினியா எழுதுகிறேன். நான் சுகம். முழங்கை வலி போய்விட்டது. வாய்க்குத்தான் ஒரு வலியும் வரமாட்டேன் என்கிறது என்பாய், சொல்லிக்கொள். அந்தத் தென்கோடிக் கலங்கரை விளக்கத்தில் நீ எப்படி இருக்கிறாய்? பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறை வந்ததா, இல்லை படகுக்காரன் காலில் ஏறிவிட்டதா?

உன் அறையை வாடகைக்கு விட்டேன். முகத்தைத் தூக்காதே. வருஷத்துக்கு ஒருமுறை தலைகாட்டுகிற உனக்காக அது சும்மா தூசி தின்றுகொண்டிருக்க வேண்டுமா? "அறை உண்டு" என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் மற்றப் பெண்களோடு நானும் நின்றேன். ஒரு ஹாலந்து ஜோடி மாட்டியது. யோஸ்ட், மாரிட் என்று பெயர். ஆளுக்கொரு மூட்டை முதுகில், ஒவ்வொன்றும் என் உயரம். கண்டம் முழுக்க இப்படிச் சுற்றப் போகிறார்களாம். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டேன். "இன்னும் இல்லைங்க" என்று இரண்டும் சிரித்தன. காதில் விழாதது மாதிரி கதவைத் திறந்துவிட்டேன்.

நம் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு எல்லாமே அதிசயம். தகரச் சுவரில் அடித்த மஞ்சள் பெயின்ட் அதிசயம். குன்று ஏறுகிற லிப்ட் கிறீச்சிடுவது அதிசயம். படிக்கட்டில் தூங்குகிற நாய் அதிசயம். கொடியில் காய்ந்த என் உள்பாவாடையைக்கூட யோஸ்ட் படம் எடுத்தான். "அதுல ஓட்டை இருக்குப்பா, தள்ளி நின்னு எடு" என்றேன்.

வெள்ளிக்கிழமை நம் பக்கத்து வீட்டு டெல்ஃபினா அத்தை, வழக்கம்போல அபெலார்டோ மாமாவின் படத்தை மார்பில் குத்திக்கொண்டு, காணாமல் போனவர்களுக்கான ஊர்வலத்துக்கு இறங்கினாள். இவர்கள் பார்த்துவிட்டார்கள். 1973-ல், ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷத்தில், அவள் புருஷனைச் சிப்பாய்கள் இழுத்துப் போனதையும், இன்றுவரை ஒரு எலும்புகூடக் கிடைக்காததையும் நான்தான் சொன்னேன். பாவம், இரண்டுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அன்று மாலை அத்தை வீட்டில்தான் எல்லோருக்கும் தேநீர். மாரிட் அவள் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. நான் ரொட்டியை வெட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என்னையும் என்னென்னவோ கேட்டார்கள். அதை விடு.

நாலு நாள் தங்கிவிட்டு இன்று தெற்கே கிளம்பிவிட்டார்கள். மாரிட் பேருந்து நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். ஊரே வேடிக்கை பார்த்தது. நல்ல பிள்ளைகள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பச்சைக் காய்கறி படகில் வந்தால் தள்ளிவிடாமல் தின்னு.

உன் அக்கா,
ஹெர்மினியா

•

கலங்கரை விளக்கம்
2 மார்ச் 1996

அன்புள்ள அக்கா,

காற்றைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். காற்றுக்குத்தான் வெறி பிடித்திருக்கிறது. காலுறை வந்தது. படகுக்காரன் அதை ஏக்கத்தோடுதான் கொடுத்தான்.

என் கட்டிலின் ஒரு கால் ஆடும் என்று அந்த ஜோடியிடம் சொன்னாயா? நாலு நாள் தங்கியதற்கு அந்தப் பெண் ஏன் அப்படி அழுதாள்? உன் சமையலை நினைத்தா?

விளையாட்டு போகட்டும். ஒரு விஷயம். நீ கோபப்படுவாய், பட்டுவிட்டுப் படி.

அப்பா எழுதியிருந்தார். அவர் கூட்டிக்கொண்டு ஓடிய அந்த மீன்காரி இர்மா போன வருஷம் இறந்துவிட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் மெண்டோசாவில் செருப்புக் கடையை மூடிவிட்டுத் தனியாக இருக்கிறார். வயிற்றில் கட்டி. அக்டோபரில் அறுவை சிகிச்சை. டாக்டர் ஒன்றும் உறுதி சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை மலை தாண்டி வந்து வீட்டைப் பார்க்க வேண்டும், அம்மா கல்லறைக்குப் போக வேண்டும், உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். உனக்கு எழுத அவருக்குப் பயம். போன விடுமுறையில் நான் பார்த்தபோதே "உங்க அக்கா கதவைத் தொறப்பாளாடா?" என்றுதான் கேட்டார்.

பதினெட்டு வயதில் உன் தலையில் அம்மாவையும் என்னையும் கட்டிவிட்டுப் போன மனுஷன். நீ வேண்டாம் என்றால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் யோசித்துச் சொல். டெல்ஃபினா அத்தையையும் கேள். அவர் போன அன்றிலிருந்து நமக்கு ரொட்டி போட்டவள் அவள்தானே.

அத்தைக்கு என் முத்தம்.

தம்பி,
எலிசெயோ

•

வல்பராய்சோ
20 மார்ச் 1996

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காற்றில் வெளியே நிற்காதே. நான் நலம்.

அப்பா விஷயம். இந்த வருஷம் தோதுப்படாது. கூரை ஒழுகுகிறது, மழைக்காலம் வருகிறது. வயிற்றில் கட்டி வைத்துக்கொண்டு இத்தனை படி ஏறவும் முடியாது. லிப்டும் அடிக்கடி நின்றுபோகிறது. உன் அறைக்கு வேறு ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அறுவை முடியட்டும், அடுத்த கோடையில் பார்க்கலாம் என்று எழுதிவிடு.

அத்தையிடம் கேட்கவில்லை. அவளுக்கு முட்டி வலி. மாலைத் தேநீருக்கு இங்கே வருவதில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தால் "வச்சிட்டுப் போம்மா" என்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் படத்தைக் குத்திக்கொண்டு இறங்குகிறாள். வயதாகிறது அல்லவா.

அந்த ஹாலந்துப் பிள்ளைகள் பனிப்பாறைப் படம் போட்ட அட்டை அனுப்பியிருக்கிறார்கள். அழகான படம்.

கம்பளியை இரட்டையாகப் போட்டுக்கொள்.

அக்கா

•

கலங்கரை விளக்கம்
19 ஏப்ரல் 1996

அக்கா,

நலமா என்று கேட்கமாட்டேன், நலமில்லை என்று தெரிகிறது. நான் நலம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அப்பாவைப் பற்றி நீ எழுதும் எந்தக் கடிதத்திலும் "அந்த நாய்" என்ற சொல் ஒரு தடவையாவது வரும். இதில் வரவில்லை. கூரை வருகிறது, லிப்ட் வருகிறது, நாயைக் காணோம். எனக்குப் பயமாக இருக்கிறது.

முட்டி வலிக்காரி வெள்ளிக்கிழமை மட்டும் எப்படிக் குன்று இறங்குகிறாள்? உன் வீட்டு வாசலுக்கும் அவள் வாசலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது, ஒரு பூந்தொட்டி. அம்மா போனதிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு தினமும் உன்னிடம் தேநீருக்கு வருகிறவள் அவள். நிலநடுக்கத்தன்றுகூட வந்தாள், கெண்டி கவிழ்ந்துபோனதால் பக்கத்திலேயே உட்கார்ந்து வெறும் ரொட்டி தின்றாள். அத்தையோடு என்ன சண்டை? எழுது. அப்பாவுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் எனக்கு இது தெரிந்தாக வேண்டும்.

எலிசெயோ

•

வல்பராய்சோ
12 மே 1996

தம்பிக்கு,

சண்டை இல்லை. சண்டையாக இருந்தால் ஜெயித்திருப்பேன், இல்லை தோற்றுவிட்டு மறுநாள் போய்ப் பல்லைக் காட்டியிருப்பேன். எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

அன்றைக்கு அத்தை வீட்டில் தேநீர் என்றேன் அல்லவா. இரண்டு பிள்ளைகளும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையை, அவள் சுவரை, அவள் விளக்கை. அந்த நாலு நாளும் நான் அவர்களுக்கு ரொட்டி சுட்டேன், துணி துவைத்தேன், எந்தத் தெருவில் பையைப் பிடுங்குவான் என்று சொல்லிக்கொடுத்தேன். நான் கட்டில் போட்டுக் கொடுத்தவள், அவ்வளவுதான். அத்தையிடம்தான் வாழ்க்கை இருந்தது. எனக்குப் பொறாமை, எலிசெயோ. புருஷனை இழந்தவளைப் பார்த்துப் பொறாமை. எழுதும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அப்போது மாரிட் என் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுச் சுவர்ல ஒரு படம் பார்த்தோமே, அவர் யார்?" என்றாள். "எங்க அப்பா" என்றேன். "எங்க இருக்கார்?" என்றாள். மீன்காரியோடு ஓடிப்போனார் என்று எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தில், சந்தையில், வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரித்த சிரிப்பு போதாதா? "அவரும் அந்த வருஷம்தான் போனார்" என்றேன். அது உண்மைதான். மாரிட் வாயைப் பொத்திக்கொண்டாள். யோஸ்ட் மெதுவாக, "அவரையும் பிடிச்சிட்டுப் போயிட்டாங்களா?" என்றான்.

நான் தலையை ஆட்டினேன்.

அதோடு நிற்கவில்லை. தலையாட்டியவளுக்கு வாயும் வந்துவிட்டது. விடியற்காலையில் வந்தார்கள் என்றேன், செருப்புக்கூடப் போட விடவில்லை என்றேன். செருப்புக்கூடப் போட விடவில்லை என்பது அபெலார்டோ மாமா கதை, எலிசெயோ. அத்தை எத்தனையோ தடவை நமக்குச் சொன்னது. அவள் மேசையில் உட்கார்ந்து, அவள் கெண்டியிலிருந்து ஊற்றிய தேநீரைக் குடித்துக்கொண்டு, அவள் புருஷனின் வெறுங்காலைத் திருடி நம் அப்பாவுக்கு மாட்டினேன்.

அத்தை கெண்டியோடு நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. "இவ பொய் சொல்றா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. எல்லோர் கோப்பையிலும் ஊற்றினாள், என் கோப்பையிலும் ஊற்றினாள், உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. குன்றில் யாரிடமும் மூச்சு விடவுமில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது அந்த மனுஷன் மெண்டோசாவிலிருந்து உயிரோடு படியேறி வந்தால் என் கதி என்ன? அதனால்தான் கூரை ஒழுகுகிறது.

ஹெர்மினியா

•

கலங்கரை விளக்கம்
6 ஜூலை 1996

அக்கா,

நலம். நீயும் நலமாக இரு.

ஜூனில் படகு வந்தது. எழுத உட்கார்ந்து பாதியில் கிழித்தேன். அந்தப் படகைக் காலியாக அனுப்பினேன்.

அப்பாவை நீ கொன்றதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அவருக்கு அது தகும். ஆனால் அபெலார்டோ மாமாவைத் தேடித்தான் அத்தை ஊர் ஊராக ஆஸ்பத்திரிக் கதவையும் சிறைக் கதவையும் தட்டினாள். ஒவ்வொரு இடத்திலும் "உன் புருஷன் எவளோடயாவது ஓடியிருப்பான், போய்த் தேடு" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு அவள் வந்து நமக்கு ரொட்டி வெட்டினாள். அவளுக்கு முன்னால் நீ தலையாட்டினாய்.

இதற்கு மேல் எழுதினால் பிறகு வருந்துவேன். அப்பாவுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அத்தையிடம் போ.

எலிசெயோ

•

வல்பராய்சோ
25 ஜூலை 1996

தம்பிக்கு,

நலம் என்று பழக்கத்துக்கு எழுதுகிறேன்.

நீ எழுதியது சரி. இன்னும் கடுமையாக எழுதியிருக்கலாம். அத்தை வாசல் வரைக்கும் போனேன். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினேன். இந்தக் குளிர்காலத்தில் அந்தச் செடி என் வெட்கத்தினாலேயே அழுகிவிடும்.

நேற்று ஹாலந்திலிருந்து ஒரு பெரிய பொட்டலம். தபால்காரன் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு அத்தை வாசலில்தான் இறக்கி வைத்தான். அவளே தூக்கிக்கொண்டு வந்து என் கதவைத் தட்டினாள். ஆறு மாதத்தில் முதல் தடவை. "உனக்குத்தான்" என்றாள். அவள் எதிரிலேயே பிரிக்க வேண்டியதாயிற்று.

உள்ளே அப்பா. நம் சுவரிலிருந்த படத்தை யோஸ்ட் அன்று படம் எடுத்திருக்கிறான். அதை ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்கி, அட்டையில் ஒட்டி, ஊர்வலத்தில் பிடிக்கக் கழி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். கீழே நம் மொழியில், பெரிய கறுப்பு எழுத்தில்: "காசிமிரோ ஒலிவாரெஸ் எங்கே?"

கூடவே ஒரு கடிதம். ஊருக்குத் திரும்பிச் சேர்த்த காசில் மறுபடி வருகிறார்களாம். ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாளான செப்டம்பர் பதினொன்றாம் தேதி ஊர்வலத்தில் எனக்கும் அத்தைக்கும் பக்கத்தில் நடக்கப் போகிறார்களாம். "நீங்கள் தனியாக இல்லை" என்று எழுதியிருக்கிறாள் மாரிட். பிழையில்லாமல் எழுதியிருக்கிறாள், நன்றாகப் படித்திருக்கிறாள் அந்தப் பெண்.

அத்தை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பா அதில் மீசையை முறுக்கிக்கொண்டு சிரிக்கிறார், தெரியுமல்லவா, திருட்டுப் பூனைச் சிரிப்பு. "நல்லா வந்திருக்கு" என்றாள் அத்தை. அவ்வளவுதான். போய்விட்டாள்.

படத்தை உன் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன்.

நான் என்ன செய்யட்டும்?

அக்கா

•

கலங்கரை விளக்கம்
10 ஆகஸ்ட் 1996

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், படகு காத்திருக்கிறது.

திட்டத்தான் உட்கார்ந்தேன். "காசிமிரோ ஒலிவாரெஸ் எங்கே?" என்று படித்ததும் சிரித்துவிட்டேன். மெண்டோசாவில், சந்தைக்குப் பின்னால், இரண்டாவது சந்தில். யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

அப்பா மறுபடி எழுதியிருக்கிறார். கையெழுத்து கோணிப்போயிருக்கிறது. பதில் கேட்டுக் கெஞ்சவில்லை. "தொந்தரவுன்னா வேண்டாம், உங்க அக்கா நல்லா இருக்கான்னு மட்டும் சொல்லு" என்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கெட்டவர்தான். ஆனால் இருக்கிறார். அக்டோபருக்குப் பிறகு இருப்பாரா என்று தெரியாது.

இனி நான் நடுவில் இல்லை. வா என்றோ வராதே என்றோ நீயே அவருக்கு எழுது. அதற்கு முன் அத்தையிடம் போ. செடிக்குத் தண்ணீர் ஊற்றாதே, கதவைத் தட்டு.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பாதி இருக்கிறது.

தம்பி

•

வல்பராய்சோ
24 ஆகஸ்ட் 1996

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் இன்றைக்குக் கொஞ்சம் சாப்பிட்டேன்.

கதவைத் தட்டினேன். கட்டிலுக்கு அடியிலிருந்த அப்பாவையும் கழியோடு எடுத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போனால் மறுபடி வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று பயம். அத்தை அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அத்தை, நான் பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்மா. நானும் அங்கதானே நின்னேன்."

"மாமாவோட வெறுங்காலைத் திருடிட்டேன்."

"அதுவும் தெரியும்."

"திட்டுங்க, அத்தை. அடிங்க. ஆறு மாசமா 'வச்சிட்டுப் போம்மா'ன்னு சொல்லியே என்னைக் கொன்னுட்டீங்க."

அடுப்பை அணைத்தாள். மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். நான் நின்றேன், உட்காரச் சொல்லவில்லை. எதிரே சுவரில் மாமா, கையில் அப்பா. அப்படி ஒரு இடத்தில் மனுஷி எங்கே பார்ப்பாள்? தரையைப் பார்த்தேன்.

"நான் ஏன் உன் வீட்டுக்கு வரல தெரியுமா?" என்றாள். "நீ பொய் சொன்னதுக்கில்ல. அந்தப் பிள்ளைங்க முன்னால உன் மானம் போகட்டும்னு எனக்கு என்ன ஆசையா? நீ உங்க அப்பனை நினைச்சு வெக்கப்பட்டே பாரு, அதுதான்டி எனக்கு ஆகல."

"அவர் ஓடிப்போனவர் அத்தை."

"ஓடிப்போனாரு. ஆமா. ஓடித்தானே போனாரு?" அவள் குரல் ஏறவே இல்லை, எலிசெயோ. காய்கறி விலை சொல்வது மாதிரி சொன்னாள். "அந்த ஆபீஸ்ல எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிச்சானுங்க, 'உன் ஆளு எவளையாவது இழுத்துட்டுப் போயிருப்பான்'னு. வெளிய வந்து அழுதேன். வீட்டுக்கு வந்து என்ன பண்ணேன் தெரியுமா? முட்டி போட்டு, சாமி, அவனுங்க சொல்றது நிஜமா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன். எவளோடயாவது போயிருக்கட்டும். குண்டா, கூச்சமில்லாம, மலைக்கு அந்தப் பக்கத்துல எவ கையிலயாவது தின்னுட்டுக் கிடக்கட்டும். என்னை நினைக்கவே வேண்டாம். இத்தனை வருஷமும் அதையேதான் வேண்டிக்கிறேன். எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைச்சுது. நீ அதைக் கொண்டுபோய்க் குப்பையில போட்டுட்டு, என்கிட்ட இருக்கிறதை எடுத்து மாட்டிக்கிட்டே."

வெட்கம் என்றால் இதுவரை எனக்கு என்னவென்றே தெரிந்திருக்கவில்லை. சந்தையில் என்னைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் வெட்கமே இல்லை. இதுதான். காது நுனி வரைக்கும் எரிந்தது.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வர வேண்டும் என்கிறார், நான் வராதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"வராதேன்னா சொன்னே?" என்றாள். எழுந்து வந்து என் தோளைப் பிடித்தாள். வலித்தது. "வரச் சொல்லு. அந்த வருஷம் போனவன் ஒருத்தனாவது இந்தப் படியில திரும்பி ஏறி வர்றதை நான் பார்க்கணும். உங்க அப்பனாவே இருந்துட்டுப் போகட்டும், பரவாயில்ல."

அன்றிரவே அப்பாவுக்கு எழுதினேன். அவருக்கு நான் எழுதிய முதல் கடிதம். மூன்றே வரி. வாருங்கள். படி செங்குத்து, மெதுவாக ஏறுங்கள். ஹெர்மினியா.

மலைப் பாதையில் பனி மூடிக் கிடக்கிறதாம். திறந்த உடனே பேருந்து ஏறுவார்.

அந்தப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்கு எழுதித் தடுத்திருக்கலாம். எழுதவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

உன் மீதிப் பாதிக் கோபத்தையும் வைத்துக்கொள். எனக்கு அது வேண்டும்.

அக்கா

•

வல்பராய்சோ
12 செப்டம்பர் 1996

அன்புத் தம்பி எலிசெயோவுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பனி விலகத் தாமதமாகிவிட்டது. அதனால் இரண்டு பேருந்தும் ஒரே நாளில் வந்து தொலைந்தன. பத்தாம் தேதி காலையில் யோஸ்டும் மாரிட்டும் அதே மூட்டைகளோடு வந்தார்கள். வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மாரிட் கட்டிக்கொண்டாள். வாயை மூடினேன். தேநீர் போட்டுவிட்டுச் சொல்லலாம் என்றேன் எனக்குள். பிறகு ரொட்டி சுட்டுவிட்டு. எப்படிப்பட்ட கோழை உன் அக்கா என்று பார்த்துக்கொள். மத்தியானம் அவர்கள் அந்தப் படத்தை வாசலில் சாய்த்து வைத்து, கழியை ஆணி அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள், மறுநாள் ஊர்வலத்துக்காக.

அத்தை காலையிலிருந்தே தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல கறுப்பு உடுப்பு. கீழே படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிப்ட் அன்றைக்கும் நின்றுபோயிருந்தது. அப்பா நடந்தே ஏறினார். ரொம்பச் சின்னதாகிவிட்டார், எலிசெயோ. நீ சொல்லவே இல்லையே. நாலு படி ஏறுவார், சுவரைப் பிடித்துக்கொள்வார். கையில் ஒரு பழைய தோல்பை. மீசை மட்டும் அதே முறுக்கு. நான் இறங்கிப் போய்ப் பையை வாங்கியிருக்கலாம். கால் நகரவில்லை.

யோஸ்ட்தான் முதலில் நிமிர்ந்தான். ஏறி வருகிற கிழவரைப் பார்த்தான். தன் கையிலிருந்த படத்தைப் பார்த்தான். மறுபடி கிழவரைப் பார்த்தான். மாரிட்டும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, தம்பி. கடவுளே, அவர் கிடைத்துவிட்டார் என்று நினைத்துவிட்டாள் அந்தப் பைத்தியக்காரப் பெண். "ஹெர்மினியா! உங்க அப்பா! வந்துட்டார்!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். அவள் கண்ணில் தண்ணீர்.

நான் உரக்கச் சொன்னேன். அண்டை வீட்டு ஜன்னலெல்லாம் திறந்திருந்தது, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். "இவரை யாரும் பிடிச்சிட்டுப் போகல. இவரு மீன் விக்கிற ஒருத்தியோட ஓடிப்போனாரு. நான் உங்ககிட்ட சொன்னது பொய். அது இந்த அத்தையோட வீட்டுக்காரர் கதை. திருடிச் சொன்னேன்."

மாரிட் என் கையை விட்டாள். உதறவில்லை, விட்டாள். யோஸ்ட் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். அப்பா கடைசிப் படியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டிருந்தார். தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எப்போதும் ஏதாவது வேடிக்கை சொல்லித் தப்பிக்கிற மனுஷன், தலையைக் குனிந்துகொண்டார். எனக்காக அவர் வெட்கப்படுகிறாரா, தனக்காகவா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி தலைகுனிந்து நின்றோம். அவருடைய மகள்தான் நான், சந்தேகமில்லை.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தாள். நேராக அவரிடம் போனாள். அறையப் போகிறாள் என்று நினைத்தேன், அவரும் அப்படித்தான் நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்தாள். கன்னத்தை, காதை, கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சந்தையில் கோழியைப் பார்ப்பது மாதிரி, அவ்வளவு உன்னிப்பாக.

"வந்துட்டியாடா, போக்கிரி" என்றாள்.

"வந்துட்டேன், டெல்ஃபினா."

"இத்தனை வருஷமா அந்தப் பக்கத்துலதானே இருந்தே?"

"ஆமா."

"எங்க ஆளை அங்க எங்கயாவது பார்த்தியா?"

எலிசெயோ, அந்த மனுஷன் வாழ்க்கையில் சொன்ன பொய்க்குக் கணக்கே இல்லை. அம்மாவிடம், கடன்காரனிடம், நம்மிடம். இன்னும் ஒன்று சொல்லட்டும் என்று நான் நின்ற இடத்தில் வேண்டிக்கொண்டேன். எங்கேயோ தூரத்தில் ஒரு தடவை பார்த்த மாதிரி இருந்தது என்று சொன்னால் போதும். அவர் வாயைத் திறந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இல்ல, டெல்ஃபினா. பார்க்கல."

அத்தை கையை எடுத்தாள். தலையை ஆட்டினாள். "சரி. உள்ள வா, நின்னுட்டே இருந்தா உனக்கு ஆகாது" என்று அவர் பையை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள்.

நேற்று ஊர்வலத்தில் மாரிட்டும் யோஸ்டும் அத்தைக்கு இரண்டு பக்கமும் நடந்தார்கள். என்னிடம் இன்னும் பேசவில்லை. நான் நாலு வரிசை பின்னால், வெறுங்கையோடு நடந்தேன்.

அப்பா இங்கேதான் இருக்கிறார், உன் கட்டிலில். கால் ஆடுகிறது என்று குறை சொல்கிறார். விடுமுறை கேட்டு வாங்கு, சீக்கிரம் வா.

உன் அக்கா,
ஹெர்மினியா